அரசாங்க மெயில் போனுக்குள் வந்த கதை தெரியுமா?

நமக்கு ஒரே தட்டலில் ஜிமெயில் திறந்துவிடும். அரசு அதிகாரிக்கு அப்படி எளிதில் திறக்குமா? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை!

அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் எட்டு ஆண்டு ஆட்சியில் அனுப்பிய மின்னஞ்சல் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு! அவர் பெயரிலுள்ள நூலகம் சொன்ன கணக்கு இது. அவருடைய ஊழியர்கள் அனுப்பியதோ ஏறத்தாழ 4 கோடி! அதிபரின் இரண்டில் ஒன்று வெறும் சோதனை. இன்னொன்று, 1998-ல் 77 வயதில் விண்வெளிக்குப் போன ஜான் கிளென்னுக்கு!

2009-ல் ஒபாமா அதிபராக வந்தார். பிளாக்பெர்ரியை விட்டுத்தர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்! சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் மூத்த அதிகாரிகளுக்கும் சில நண்பர்களுக்கும் மட்டும்தான் எழுதலாம்! 2016-ல் கிடைத்த புது போனாவது தேவலையா? படம் எடுக்காது, மெசேஜ் அனுப்பாது, பாட்டும் பாடாது. குழந்தையின் பொம்மை போன் மாதிரி என்று டிவியில் அவரே கேலி செய்தார்!

இரண்டு போன் சுமப்பானேன், ஒன்றே போதுமே என்று நினைத்தவர் ஹிலாரி கிளிண்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசு வேலைக்கும் சொந்த மின்னஞ்சல் முகவரிதான். அதற்கான சர்வர் வீட்டிலேயே! 2015-ல் விஷயம் வெளிவந்தது. எஃப்.பி.ஐ. விசாரணை வரை போய், 2016 தேர்தல் முடியும்வரை அவரை விடாமல் துரத்தியது!

முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும்? அமெரிக்க ராணுவ மின்னஞ்சல் முகவரியின் வால் 'எம்.ஐ.எல்'. நடுவில் உள்ள 'ஐ' விட்டுப்போனால் கடிதம் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு முகவரிக்குப் போய்விடும்! 2023-ல் சில மாதங்களில் மட்டும் இப்படி வழிதவறியவை சுமார் 1,17,000. ராணுவத் தலைமைத் தளபதி தங்கவிருந்த ஓட்டல் அறை எண்கூட அதில் இருந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் மின்னஞ்சலை நடத்துவது 1976-ல் பிறந்த தேசிய தகவலியல் மையம். கடவுச்சொல் மட்டும் போதாது என்று இரண்டாவது பூட்டாக அது கொண்டுவந்த செயலி 'கவச்'. திருடர்கள் சும்மா இருப்பார்களா? போலிக் 'கவச்' செய்து, இணையத் தேடலில் விளம்பரமும் கொடுத்து அதிகாரிகளுக்கு வலை விரித்தார்கள். பூட்டின் பெயரிலேயே திருட்டு!

அடுத்தது நம்ம ஊர்ச் சங்கதி! 2023-ல் இந்த மின்னஞ்சல் சேவைக்கான ஏழு ஆண்டு ஒப்பந்தத்தை வென்ற நிறுவனம் எது தெரியுமா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஸோஹோ! பிரதமர் அலுவலகம் உட்பட சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சல் அதன் தளத்துக்கு மாறியிருக்கிறது. முகவரியின் வால் மட்டும் பழையபடி அரசுடையதே!

எத்தனை பூட்டு போட்டாலும் கடைசிச் சாவி விரல் நுனியில்தான். உங்கள் வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: அலுவலகச் செயலியை விளம்பரத்தைத் தட்டி இறக்க வேண்டாம், அனுப்பும் முன் முகவரியின் வாலை இன்னொரு முறை பார்க்கட்டும்!