வளர்ந்தோர் வகுப்பிற் குண்டலகேசி

வளர்ந்தோர் வகுப்பில், ‘மனையாளை அடித்தல் தவறு’ என்று உபதேசித்தால், கேட்போர் தலையசைப்பர், வாய் திறவார். வீட்டுத் துயரை வெளியிற் சொல்லுதல் இழிவென்பது நம்மவர் எண்ணம். ஆதலின், பிறர் கதையை முன்வைத்தலே தக்க வழியாகும்.

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் பெரும்பகுதி அழிந்துபோயினும், அதன் கதையை நீலகேசி உரையால் அறிகின்றோம். காளன் கள்வனென்று அறிந்தே அவனை மணந்தாள் பத்திரை. ஊடலில் அவள் அதனைச் சொல்லிக் காட்டினாள். அச்சொல்லை மனத்துள் வைத்திருந்த அவன், அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிந்தான். இறக்குமுன் கணவனை வலம்வருவதாகக் கூறிய அவள், அவனையே தள்ளி உயிர் தப்பினாள்.

இங்கே ஆசிரியர் தீர்ப்புக் கூறாது வினாவுதல் வேண்டும். கொடுமை தொடங்கியது மலையிலா, மனையிலா? ஒரு சொல்லுக்குக் கொலை ஈடாகுமா? அவளுக்கு வேறு வழி இருந்ததா? ‘உம் வீட்டில் எப்படி?’ என்று மட்டும் எவரையும் வினாவலாகாது. பத்திரையின் துயரைப் பேசுவோர் சிலர் தம் துயரையே பேசுவர். அதனை ஆசிரியர் குறிப்பால் உணர்ந்து காத்தல் கடன்.

பத்திரைக்கு இல்லாத வழி இன்று நம் நாட்டில் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உளத்தை வருத்துங் கொடுமையும் அச்சட்டத்துள் அடங்கும். கதையில் தொடங்கும் பேச்சு இவ்வழியைக் காட்டி முடிதல் வேண்டும்.