ஐந்தில் ஒரு பங்கு ஆள்

இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பெப்ரவரி 4. இலண்டன் வெம்பிளி அரங்கில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதியோட்டம் நடந்தது அதே ஆண்டு ஜூலை 31. இடையில் 178 நாட்கள். அன்று டங்கன் வைட் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். முதலிடம் பெற்ற அமெரிக்கர் ரோய் கொக்ரனுக்கு 51.1 செக்கன். மூன்றாமவரான சுவீடன் நாட்டு லார்சனுக்கு 52.2.

மட்டக்களப்புக்காரருக்குப் புரியும் அளவில் சொல்வதென்றால், கல்லடிப் பாலத்தின் நீளம் சுமார் 288 மீற்றர். வைட் ஓடிய வேகத்தில் பாலத்தைக் கடக்க 37 செக்கன் போதும். ஆனால் அவர் ஓடியது பாலத்தைவிட 112 மீற்றர் அதிகம், அதுவும் 91.4 சென்ரிமீற்றர் உயரத் தடைகள் பத்தைத் தாண்டிக்கொண்டு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் இருந்த 0.7 செக்கனை அதே வேகத்தில் தூரமாக்கினால் ஐந்தரை மீற்றர் கூட வராது.

ஆறு மாதம் நிறையாத நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம். நம் விளையாட்டு வரலாற்றுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டி முடிந்துவிடும். கணக்கு எழுதுகிறவனுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இலண்டனுக்குப் போன இலங்கை அணியில் 7 பேர். மெய்வல்லுநர், குத்துச்சண்டை என்று இரண்டே துறைகள். பெண்கள் 0. அந்த ஒலிம்பிக்கில் 59 நாடுகளிலிருந்து 4,104 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெண்கள் 390. நமக்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 4இல், சுதந்திரம் பெற்ற பர்மா 4 பேரை அனுப்பியது. இந்தியா 79 பேரை அனுப்பி, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹொக்கி இறுதியாட்டத்தில் முன்னாள் எசமானை 4–0 என்று தோற்கடித்தது. அந்த ஸ்கோரைப் பற்றி இந்தியர்கள் இன்றுவரை பேசுவதில் வியப்பில்லை.

1946 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 6,657,339. ஏழால் வகுத்தால் 951,048 பேருக்கு ஒரு வீரர். அந்த மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 203,186. அப்போது இன்றைய அம்பாறையும் இந்த மாவட்டத்துக்குள் இருந்தது. அது தனியாகப் பிரிந்தது 1961இல். சனத்தொகை விகிதப்படி ஏழு பேரில் மட்டக்களப்புக்கு உரிய பங்கு 0.21. அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஆள். எழுவான்கரையும் படுவான்கரையும் சேர்ந்து, வாவியின் 56 கிலோமீற்றர் நீளத்துக்கும் இருபுறமும் வாழ்ந்த அத்தனை பேருக்கும் கணிதம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

இந்தச் சராசரியை இன்னும் அழகாக்க ஒரு வழி இருந்தது. அதே 1948 நவம்பர் 15இல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அவர்களைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்: எட்டரை இலட்சம் பேருக்கு ஒரு வீரர். ஒரு பிள்ளையைக்கூடக் கூடுதலாகப் பயிற்றாமல், ஓடுகளம் ஒன்றும் போடாமல், விகிதம் முன்னேறிவிட்டது.

இனிச் செலவுப் பக்கம். இலண்டன் ஒலிம்பிக்கை நடத்த ஆன செலவு 732,268 பவுண். வரவு 761,688. மிச்சம் 29,420. இலங்கை ரூபாய் அப்போது ஒரு சிலிங் ஆறு பென்சுக்குச் சமம். ஒரு பவுணுக்கு 13 ரூபாய் 33 சதம். எனவே மொத்தச் செலவு நம் காசில் 97 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அளவில் வரும். மிச்சம் 3 இலட்சத்து 92 ஆயிரம். புதிய அரங்கு ஒன்றும் கட்டவில்லை. வீரர்களை இராணுவ முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்க வைத்தார்கள். யுத்தம் முடிந்து மூன்றாவது ஆண்டு. பிரித்தானியாவில் சாப்பாட்டுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலம். சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,600 கலோரி. போட்டியாளருக்கு, துறைமுகத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் கொடுத்ததுபோல, 5,467 கலோரி. அரிசிக் கணக்கில் அது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இலங்கையிலும் அப்போது அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. பெரும்போகம் விளைந்த படுவான்கரை வீட்டில்கூட ஓடுகிற பிள்ளைக்கு என்று தனியாக ஒன்றரைக் கிலோ அளந்து வைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த வெள்ளிப் பதக்கத்தை எந்தத் தலைப்பின் கீழ் பதிவது? பெரும்பாலானோர் ‘சுதந்திர இலங்கையின் சாதனை’ என்று பதிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 178 நாட்களில் யாரும் தடைதாண்டல் வீரர் ஆவதில்லை. வைட் பிறந்தது 1918 மார்ச் 1. வெம்பிளியில் அவருக்கு வயது 30. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய ஓட்டம் முழுதும் குடியேற்ற காலத்தில், அந்தக் காலத்துப் பெரிய கல்லூரிகளின் மைதானத்தில் உருவானது. சுதந்திரத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1938 சிட்னி பேரரசு விளையாட்டு விழாவில், பார்னி ஹென்றிக்கஸ் குத்துச்சண்டையில் இலங்கைக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆகவே 1948 வெள்ளியும், 1950இல் ஓக்லாந்தில் 440 யார் தடைதாண்டலில் வைட் பெற்ற தங்கமும் புதிய நாட்டின் பேரேட்டில் ஆரம்ப மீதி. புதிய நாடு தன் கையால் சம்பாதித்தது எவ்வளவு என்று பார்க்க அதற்குக் கீழே எழுதியதைத்தான் கூட்ட வேண்டும்.

மட்டக்களப்பின் ஆரம்ப மீதி என்ன? மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814. புனித மிக்கேல் கல்லூரி 1873. விபுலானந்த அடிகள் கல்லடியில் சிவானந்தாவை ஆரம்பித்தது 1929. பள்ளிக்கூடத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கொழும்பிலிருந்து ரயில் வந்தது 1928இல். கல்லடிப் பாலம் திறந்ததும் 1920களில்தான். அதற்கு முன் தோணிதான். சுதந்திரம் வந்தபோது ரயில் இணைப்புக்கு வயது 20. பின்னர் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் மிக்கேல் கல்லூரியில் விளையாட்டைப் பாடத்துக்குச் சமமாக நடத்தினார்கள். அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயர்தான் நகரின் விளையாட்டரங்குக்கு. அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர். மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் பேச்சு நகராது. இந்த வரவு அரசாங்கத்தின் கணக்கில் வராது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆரம்ப மீதிக்குக் கீழே எழுதத் தகுந்த முதல் பெரிய வரவு 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழா. உயரம் பாய்தலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். இலங்கை கண்ட முதல் ஆசியத் தங்கம் அது. அவர் 1934 ஓகஸ்டில் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். சுதந்திர தினத்தன்று அவருக்கு வயது 13. 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் பாய்ந்தவர்; 1962 ஜகார்த்தாவில் வெள்ளியும் எடுத்தார். டோக்கியோவில் தங்கம் வென்றபோது அவருக்கு 24 நிறையவில்லை. புதிய நாட்டிலேயே வளர்ந்து பதக்கம் கொண்டுவந்தவர் என்று எழுத இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

அந்த விழாவின் திகதிகளைப் பாருங்கள்: மே 24 முதல் ஜூன் 1 வரை. இதே நாட்களில் மட்டக்களப்பு ரயில் பாதையில் நடந்தவற்றைப் பக்கத்தில் எழுதுகிறேன். மே 22: வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குப் போகிறவர்கள் என்று தேடி, பொலநறுவை நிலையத்தில் ரயில் பயணிகள் தாக்கப்பட்டார்கள். மே 23 இரவு: ஏறாவூர் அருகே மட்டக்களப்பு ரயில் தடம்புரட்டப்பட்டது. மே 24: டோக்கியோவில் தொடக்க விழா, இலங்கைக் கொடி அணிவகுப்பில் போகிறது. மே 27: நாடு முழுதும் அவசரகாலச் சட்டம். தமிழர் ஒருவர் இலங்கைக்காக ஆசியாவின் உச்சியில் பாய்ந்தது, தமிழர் இலங்கையின் ரயிலில் ஏறப் பயந்த அதே வாரத்தில். ஒரே நாட்டின் ஒரே வாரக் கணக்கில் வரவும் செலவும் இப்படி எதிரெதிரே நிற்பதை உலக விளையாட்டு வரலாற்றில் அதிகம் காண முடியாது.

அதற்குப் பிந்தைய பக்கங்களில் நீண்ட வெற்றிடம். 1948 முதல் 2024 வரை 20 ஒலிம்பிக். 1976இல் இலங்கை போகவில்லை. மீதி 19இல் பதக்கம் 2. இரண்டாவது, சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் 22.28 செக்கனில் எடுத்த வெண்கலம். மரியன் ஜோன்ஸ் பதக்கத்தை இழந்ததால் 2009இல் அது வெள்ளியாக உயர்ந்தது. முதல் பதக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 52 ஆண்டுகள்.

இந்த 52இல் 17 ஆண்டுகள் யுத்தம். 1983 ஜூலை முதல் 2009 மே வரை எடுத்தால் 7 ஒலிம்பிக், 6 ஆசிய விளையாட்டு விழா. பேரேட்டில் அந்த 13 விழாக்களுக்கும் இலங்கை அணி உண்டு. வாவிக்கரையில் அதே காலத்தில் என்ன பதியப்பட்டது என்பதற்கு 1990ஐ மட்டும் எடுக்கிறேன். ஓகஸ்ட் 15: வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அருட்தந்தை ஹேபர்ட் காணாமல் போனார், கூட வந்த இளைஞரும்தான். செப்டெம்பர் 5: வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. செப்டெம்பர் 9: சத்துருக்கொண்டான் படுகொலை, ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் எண்ணிக்கை 184. செப்டெம்பர் 22: பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டு விழா ஆரம்பம். பிடித்துச் செல்லப்பட்டவர்களில் எத்தனை இளைஞர்கள் ஓடக்கூடியவர்கள் என்று எந்தத் தெரிவுக் குழுவும் பார்த்ததில்லை. விளையாட்டுக் கணக்கில் ‘பயிற்றுநர் ஒருவர்’ என்று எழுதிய இடத்தில் கழித்தல் குறி போட வேண்டியிருந்த ஊர் இது.

இனி ஓர் ஒப்பீடு. 2012இல் ஒலிம்பிக் மீண்டும் இலண்டனுக்கு வந்தது. இலங்கை அணியில் எத்தனை பேர்? அதே 7. இம்முறை பெண்கள் 3. அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் மெரில் ஓடியது வைட்டின் அதே 400 மீற்றர் தடைதாண்டல். அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர். அதே ஆண்டு எடுத்த குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை 20,359,439. 29 இலட்சம் பேருக்கு ஒரு வீரர். ஆள் மூன்று மடங்காகியும் விமானத்தில் இடம் ஏழுதான். மட்டக்களப்பு மாவட்டம் 526,567. அதன் பங்கு 0.18. பழைய எல்லைப்படி அம்பாறையையும் சேர்த்தால் 0.40. நிலம் ஏறத்தாழ அதே நிலம். 1946இல் நாட்டில் 3 சதவீதம் பேர் வாழ்ந்த இடத்தில் இப்போது கிட்டத்தட்ட 6 சதவீதம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றங்களும் இந்த வித்தியாசத்தில் பெரிய பங்கு. 2024 பாரிசுக்கு அணி 6 பேராகச் சுருங்கியது.

மற்றப் புதிய நாடுகளோடு ஒப்பிட்டால் நாம் மோசமில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். 1971இல் பிறந்த பங்களாதேஷ் முதல் ஒலிம்பிக்குக்கு 1984வரை காத்திருந்து, ஒன்பது கோடியை நெருங்கிய மக்களுக்காக ஒரே ஒருவரை அனுப்பியது. தென் சூடான் 2011இல் பிறந்து 2016இல் 3 பேரோடு வந்தது. கொசோவோ அதே 2016இல் 8 பேரோடு வந்து, முதல் தடவையிலேயே மைலிண்டா கெல்மெண்டியின் ஜூடோத் தங்கத்தோடு திரும்பியது. ஆனால் கொசோவோவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10,900 சதுர கிலோமீற்றர். நம் கிழக்கு மாகாணத்தைவிட ஒரு ஆயிரம் மட்டுமே கூட. அங்கே பேயா என்ற ஒரு நகரில் ஒரு ஜூடோக் கூடத்தில்தான் அந்தத் தங்கம் விளைந்தது. தலைநகருக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. பயிற்றுநர் பிள்ளையின் ஊரில் இருந்தார்.

இந்தக் கடைசி விஷயம்தான் மட்டக்களப்புக் கணக்கில் எனக்கு உறுத்துகிறது. இங்கிருந்து கொழும்புக்கு ரயில் பாதை சுமார் 348 கிலோமீற்றர். இரவு ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரம். மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரி. வைட்டின் 1948 ஓட்ட வேகம் மணிக்கு 27.8 கிலோமீற்றர். நிற்காமல் ஓட முடிந்திருந்தால் அவர் பன்னிரண்டரை மணியில் கோட்டை நிலையம் சேர்ந்திருப்பார், ரயிலுக்கு வெறும் நாலு மணி பிந்தி. தேசியத் தெரிவுப் போட்டி கொழும்பு சுகததாச அரங்கில் என்றால், ஒரு பக்கம் ஒரு இரவு, மறுபக்கம் இன்னொரு இரவு. பிள்ளையோடு துணைக்குப் போகும் ஆளுக்கு இரண்டு நாள் கூலி போகும். கொழும்புப் பிள்ளை வீட்டில் தூங்கி எழுந்து வரும் அதே காலையில், நம் பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்தபடி தூங்கிய காலோடு ஆரம்பக் கோட்டில் நிற்க வேண்டும். தெரிவுப் போட்டியைச் சுழற்சி முறையில் வெபர் அரங்குக்கும் கொண்டுவந்தால், அந்த இரவை ஒரு தடவையாவது கொழும்பு அதிகாரிகள் ரயிலில் கழிப்பார்கள்.