பெயர் பல, எஞ்சின் ஒன்று

ஐபோன் வைத்திருக்கும் ஒருவர், அதனுடன் கூடவே வரும் சஃபாரியில் மனம் ஒப்பாமல், குரோமையோ ஃபயர்பாக்ஸையோ நிறுவிக்கொண்டு, இனி இணையத்தைத் தம் விருப்பப்படி பார்க்கலாம் என்று திருப்தியடைவாரானால், அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பெயரும் தோற்றமுமே. இணையப் பக்கத்தை வாங்கிப் படித்து, எழுத்தும் படமும் பொத்தானுமாகத் திரையில் வரைந்து காட்டும் பிரதான காரியத்தைச் செய்வது உலாவியின் உள்ளே இருக்கும் எஞ்சின். ஐபோனில் அந்த ஸ்தானம், ஐரோப்பிய ஒன்றியத்தையும் அண்மையில் ஜப்பானையும் தவிர, மற்ற தேசங்களிலெல்லாம் ஆப்பிளின் வெப்கிட் ஒன்றுக்கே உரியது. ஆப் ஸ்டோரின் விதி அப்படி. கம்ப்யூட்டரில் கெக்கோ என்னும் தன் எஞ்சினைக் கொண்டு ஓடும் ஃபயர்பாக்ஸ், 2015இல் ஐபோனுக்கு வந்தபோது அதை விட்டுவிட்டுத்தான் வர நேர்ந்தது.

இந்த நிர்ப்பந்தத்தின் விளைவை 2022 ஜனவரியில் வெளிப்பட்ட ஒரு பிழை பிரத்தியட்சமாகக் காட்டிற்று. இணையதளங்கள் தம் தரவுகளை உலாவியில் சேமித்துவைக்கும் ஏற்பாட்டில், ஒரு தளம் உண்டாக்கிய தரவுத் தொகுதியின் பெயரை மற்றத் தளங்களும் அறியும்படியான ஓட்டை வெப்கிட்டில் இருந்தது. பெயர்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை, ஏனெனில் கூகுளின் சில தளங்கள் பயனாளியின் கணக்கு அடையாளத்தையே அப்பெயரில் சேர்த்திருந்தமையால், முன்பின் அறியாத ஒரு தளமும் வந்தவர் இன்னார் என்று கண்டுகொள்ள இடமிருந்தது. மாக் கம்ப்யூட்டர் உடையவர் வேறோர் உலாவிக்கு மாறித் தப்பலாம். ஐபோன் உடையவரோ எந்த உலாவிக்குப் போனாலும் அதே எஞ்சின், அதே ஓட்டை. அம்மாத இறுதியில் ஆப்பிள் ஐஓஎஸ் 15.3ஐ வெளியிடும்வரை காத்திருப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

ஒரே எஞ்சின் இருந்தால் பாதுகாப்புத் திருத்தத்தை எல்லா உலாவிகளுக்கும் ஒருசேர வழங்கலாம் என்பது ஆப்பிளின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை; ஆனால் ஆபத்தும் ஒருசேரவே வருகிறது என்பதை அது சொல்வதில்லை. லாபக் கணக்கையும் பார்க்க வேண்டும். சஃபாரியில் தன் தேடலே இயல்பாக அமைந்திருப்பதற்காகக் கூகுள் 2022இல் மட்டும் 2,000 கோடி டாலர் ஆப்பிளுக்குக் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களால் தெரியவந்தது. இணையதளங்கள் அறிவிப்பு அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டு குரோமில் 2015இலேயே வந்திருக்க, ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது. உலாவியின் வழியாகவே நல்ல செயலிகள் கிடைத்துவிட்டால், 30 சதவீதம் வரை கமிஷன் ஈட்டும் ஆப் ஸ்டோரின் அவசியம் குறையுமல்லவா?

1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தபோது கூறிய பிரதானக் குற்றங்களுள் ஒன்று, விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பிணைத்து நெட்ஸ்கேப்பை நசுக்க முயன்றது என்பது. அன்றுங்கூட, நெட்ஸ்கேப்பை அதன் சொந்த எஞ்சினோடு நிறுவிக்கொள்ள விண்டோஸ் தடை செய்ததில்லை. அதனினும் கடுமையான ஒரு தடையை உலகம் இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது எனக்கு வியப்பாகவும் வருத்தமாகவும் இருக்கிறது.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் 7 முதல் ஆப்பிளைக் கட்டுப்படுத்தவே, ஐஓஎஸ் 17.4இல் உலாவிகளைப் பட்டியலிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும் திரையும், பிற எஞ்சின்களுக்கான அனுமதியும் அங்கே வந்தன. ஆயினும் அனுமதி வேறு, வசதி வேறு. புதிய எஞ்சினோடு வரும் உலாவி ஐரோப்பாவுக்கென்றே தனிச் செயலியாக வர வேண்டும் என்று ஆப்பிள் முதலில் விதித்த நிபந்தனையால், இருக்கும் பயனாளிகளை விட்டுவிட்டுப் புதிதாக ஆள் சேர்க்க வேண்டிய நிலையும், உலகுக்கு ஒன்றும் ஐரோப்பாவுக்கு ஒன்றுமாக இரண்டைப் பராமரிக்கும் சுமையும் உண்டாயின. ஓராண்டு கழிந்த பின்னும் குரோமோ ஃபயர்பாக்ஸோ தன் எஞ்சினோடு அங்கே வரவில்லை.

தடை நீங்கினால் கூகுளின் எஞ்சினே எங்கும் பரவிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நியாயமான அச்சமே, ஆனால் அதற்குப் பரிகாரம் கூகுளின் அதிகாரத்தையும் சட்டத்தால் வரையறுப்பதேயன்றி, ஐபோன் உடையவரைப் பிணையாக நிறுத்துவதன்று. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில், வெப்கிட் நிர்ப்பந்தம் போட்டியைக் கெடுக்கிறது என்றே முடிவு கூறிற்று. இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு மீண்டும் பரிசீலனைக்கு வருமானால், உலாவியோடு எஞ்சினையும் பெயர் சொல்லி அதில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.