வாழைப்பூவை வீசாதீங்க: தாருக்கும் லாபம், உடம்புக்கும் நல்லது!

வாழையில் கடைசி சீப்பு விரிந்த பிறகு தார் நுனியில் தொங்கும் பூவால் காய்க்குப் பயனில்லை, சத்தைத்தான் இழுக்கும். அதனால் கடைசி சீப்பு வெளிவந்ததும் பூவை ஒடித்துவிடுங்கள். காய்கள் திரட்சியாக வளரும். ஒடித்த பூவைத் தோட்டத்தில் வீசாமல் அன்றே சந்தைக்கு அனுப்பினால் அதுவும் வருமானம்தான்.

என்ன பயன்?

வாழைப்பூவில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் அதிகம். நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மூலம், வாய்ப்புண் ஆகியவற்றுக்கு வாரம் ஓரிரு முறை சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

எப்படிச் சமைப்பது?

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மடல்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு பூவிலும் உள்ள தடித்த நரம்பையும், கண்ணாடி போன்ற சிறு செதிலையும் எடுத்துவிடுங்கள். நறுக்கியதை உடனே மோரில் போட்டால் கறுக்காது, துவர்ப்பும் குறையும். முருங்கைக்கீரை சேர்த்துப் பொரியல், பருப்பு உசிலி, வடை எனச் செய்யலாம். உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தை அப்படியே நறுக்கிச் சேர்க்கலாம்.

கவனம்!

இலைப்பேனைத் தடுக்கப் பூவுக்குள் ஊசி மூலம் பூச்சிமருந்து செலுத்தியிருந்தால், அந்தப் பூவைச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம், மாட்டுக்கும் போடாதீர்கள். விற்பனைக்கென ஒதுக்கும் மரங்களை முன்கூட்டியே அடையாளமிட்டு, அவற்றுக்கு ஊசி போடாமல் விடுங்கள்.