பால் ஒவ்வாத பாலகர்

பசும்பாலை அமிருதத்துக்கு நிகராகப் பாவித்து, விருந்தென்றாலும் விரதமென்றாலும் அதையே நாடி வாழும் நம் இல்லங்களில், குழந்தைக்குப் பால் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அதைப் பாட்டிமார் லேசில் நம்புவதில்லை. “பால் ஆகாத பிள்ளையும் உண்டோ? தண்ணீர் கலந்து கொஞ்சமாகக் கொடுத்துப் பாரேன்” என்று பிறக்கும் யோசனை அன்பினால் பிறப்பதே ஆயினும் விபரீதமானது. பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாகாமல் வயிறு உப்புவது ஒன்று. பாலின் புரதத்தையே விரோதியாகக் கருதிச் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுவது முற்றிலும் வேறொன்று. முன்னதில் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் நிவாரணம் உண்டு. பின்னதிலோ ஒரு கரண்டிப் பாலும் சில குழந்தைகளுக்குத் தடிப்பையும் வாந்தியையும், மூச்சுத் திணறலையுங்கூட, வருவித்துவிடும்.

அடுத்தபடியாக ஆட்டுப்பாலைத் தேடிப் போகிறவர்கள் அநேகர். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தோடு மிக நெருங்கிய சாயலுடையவை ஆதலால், ஒன்று ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மற்றவையும் ஒவ்வா. தயிரும் மோரும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. தேங்காய்ப்பாலுக்குப் பால் என்ற பெயர் இருக்கிறதே தவிர, அதில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து சொற்பம். சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த சோயாப்பால் பலருக்கு உதவும். ஆயினும் சோயாவும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கோ தாய்ப்பாலும், வைத்தியர் எழுதித் தரும், புரதம் சிதைக்கப்பட்ட விசேஷப் பால்மாவும் அன்றி வேறெதையும் பாலுக்குப் பிரதியாகக் கொள்ளலாகாது.

இன்னொரு பாலைத் தேடுவதை விட்டுவிட்டு, பாலில் இருந்ததைப் பல பண்டங்களிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-இல் வகுத்த கணக்கின்படி, சுண்ணாம்புச் சத்து 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராமும், 4 முதல் 6 வரை 550-உம், 10 முதல் 12 வரை 850-உம் வேண்டும். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு டம்ளர் பாலிலேயே சிறு பிள்ளையின் தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்தச் சௌகரியத்தைத்தான் இப்பிள்ளைகள் இழக்கிறார்கள்.

தானியங்களில் பிரதானம் கேழ்வரகுக்கே. அரிசியில் பெயரளவுக்கே உள்ள இச்சத்து, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. களியாகவோ புட்டாகவோ அடையாகவோ தினம் 50 கிராம் உள்ளே போனால் 175 சேர்ந்துவிடும். முளைகட்டி அரைத்த மாவானால், சத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைந்து, உடம்பு அதை இன்னும் நன்றாகக் கிரகிக்கும். ஏட்டிலுள்ள அளவுக்கும் சரீரம் ஏற்கும் அளவுக்கும் உள்ள இந்த பேதத்தைத்தான் உணவுப் பட்டியலை மட்டும் பார்த்துச் சமைக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் உடலில் சேர, கடைகளில் பாலக் என்று விற்கும் கீரையிலுள்ளதில் ஐந்து பங்குதான் சேர்கிறது. அதிலுள்ள ஆக்ஸலேட் மற்றதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. எள்ளின் பெருமையும் பெரும்பாலும் அதன் தோலிலேயே, அதுவும் ஆக்ஸலேட்டோடு பிணைந்தே, இருக்கிறது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் மிஞ்சுவது கொஞ்சமே. எள்ளே ஒவ்வாத குழந்தைகளும் இருக்கிறார்கள். முருங்கைக்கீரை மேலானது, சந்தேகமில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளை ஒரு கைப்பிடிக்குமேல் கீரை தின்று பார்த்தவர் யார்? மாமிச உணவு கொள்ளும் வீடுகளில், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலிக்கு இவற்றையெல்லாம்விட நான் முதலிடம் கொடுப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் குறைவிழுந்தால், வைத்தியர் தரும் மருந்தை ஏற்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உண்மையான கால்சியம் 500 மட்டுமே என்பதை அட்டையில் கவனித்துக்கொள்ளவேண்டும். அதை ஆகாரத்தோடு கொடுத்து, இரும்புச்சத்து மருந்தை வேறு வேளைக்கு ஒதுக்குவது உசிதம். சூரிய வெளிச்சத்தால் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிடில் இவற்றில் பெரும்பகுதி விரயமே.

இதில் யாரும் நினையாத ஒருத்தி உண்டு. தன் பால் குடிக்கும் சிசுவுக்காக, வைத்தியர் சொற்படி, காப்பியையும் மோரையும் துறந்திருக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. பிள்ளையின் கணக்கை எழுதும் அதே காகிதத்தில் அவளுடைய கணக்கையும் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேட்கவேண்டும்.