சாப்பாட்டு இலையில் தண்ணீர் செய்யும் வேலை

மதியம் ஒரு மணி. வயிற்றில் நல்ல பசி. மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, இடம் பிடித்து உட்கார்ந்தாயிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறைகளில் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட மெஸ்கள்தான் வீட்டுச் சமையல். உங்கள் ஊரிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலோ கடைத்தெருவிலோ ஒன்று இருக்கும். அங்கே பரிமாறுகிற ஒவ்வொன்றிலும் ஒரே பொருள் விதவிதமாக வேலை செய்கிறது. அதுதான் தண்ணீர்! இலை போடுவதில் தொடங்கி மோர் வரைக்கும் அதைத் தொடர்ந்து போய்ப் பார்ப்போமா?

இலையில் முத்து

வாழையிலையில் தண்ணீர் தெளித்ததும் உடனே துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீர் பரவாமல் உருண்டு திரண்டு நிற்கும். இலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் மெழுகோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளியாகச் சேர்ந்துவிடுகின்றன. மரத்தில் இருக்கும்போது மழைநீர் வழிந்தோட உதவிய அதே மெழுகுதான், இப்போது ரசத்தில் ஊறிப்போகாமல் இலையைக் காக்கிறது.

சோறு எப்படிப் பெருகியது?

அடுத்து ஆவி பறக்கும் சோறு வருகிறது. அதில் 100 கிராம் எடுத்தால் சுமார் 70 கிராம் தண்ணீர்தான்! அரிசிக்குள் மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக அடைந்து கிடக்கிறது. உலையில் சூடு ஏறஏற அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, குழைகின்றன. நாம் அதைத்தான் ‘வெந்துவிட்டது’ என்கிறோம்.

மெஸ்களில் பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறு. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு அரைத்து எடுத்த அரிசி அது. ஊறி அவியும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு தண்ணீரோடு அரிசியின் உள்ளே போய்விடும். அதனால் தவிடு நீங்கிய பிறகும் அந்தச் சத்தில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்கிறது.

அப்பளம் பொரியும் ரகசியம்

சமையற்கட்டில் அப்பளம் பொரிப்பதைத் தள்ளி நின்று கவனியுங்கள். வாணலியில் போட்ட உடனே சடசடவென்று குமிழிகள் கிளம்பும். எண்ணெய் கொதிக்கிறது என்று பலர் நினைப்பார்கள். அந்தக் குமிழிகள் முழுக்க நீராவி!

உளுந்து மாவில் இட்டு வெயிலில் காயவைத்த அப்பளத்தில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். காய்ந்த எண்ணெயின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைவிட மிக அதிகம். அதில் விழுந்ததும் ஈரம் சட்டென்று ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி மாவைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதால்தான் அப்பளத்தில் அத்தனை கொப்புளங்கள். ஈரம் தீர்ந்ததும் குமிழிகள் அடங்கும், அப்பளம் மொறுமொறுப்பாகிவிடும். அதையே காற்றில் திறந்து வைத்தால்? காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு நமத்துப்போகும்.

சாம்பாரா, ரசமா: எது முதலில் ஆறும்?

“ரசம் ஊத்தவா தம்பி?” என்று வாளியோடு ஒருவர் வந்து நிற்கிறார். ரசம் நீர்த்தது. அதன் மேற்பரப்பு குளிர்ந்ததும் அந்தப் பகுதி கீழே இறங்கும், அடியிலிருக்கும் சூடான பகுதி மேலே வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து சீக்கிரம் ஆறிவிடும். சாம்பாரோ வெந்த பருப்பால் கெட்டியானது. அதற்குள் இந்தச் சுழற்சி மெதுவாகத்தான் நடக்கும். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே நாக்கைச் சுடும்!

ஆவியாகிற தண்ணீர் நிறைய வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வேண்டும். சூடான ரசத்தை ஊதும்போது மேலே தங்கிய ஆவியை விலக்குகிறோம். புதிய ஆவி எழும்புகிறது, ரசம் ஆறுகிறது.

தண்ணீர் தோற்கும் இடம்

மோர்மிளகாயைக் கடித்தாயிற்று. காரம் தாங்கவில்லை! டம்ளர் தண்ணீரைக் குடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. ஏன்?

மிளகாயில் கேப்சைசின் என்ற பொருள் இருக்கிறது. நாக்கின் நரம்புகளில் சூட்டை உணரும் பகுதிகள் உண்டு. கேப்சைசின் அவற்றைத் தூண்டிவிடுகிறது. நெருப்பே பிடிக்காத கட்டடத்தில் அபாய மணி அடித்ததுபோல, சூடே இல்லாமல் ‘சுடுகிறது’ என்ற செய்தி மூளைக்குப் போய்விடும். இந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை; கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால்தான் தண்ணீர் இங்கே தோற்கிறது. மோரிலும் தயிரிலும் கேசின் என்ற புரதம் இருக்கிறது. அது கேப்சைசினைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்த உதவுகிறது. சாப்பாட்டை மோரில் முடிக்கும் வழக்கம் நாக்குக்கும் நல்லதுதான்!

நீங்களே செய்து பாருங்கள்

பெரியவர்கள் துணையோடு, ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சூடான சாம்பாரையும் ரசத்தையும் சம அளவு ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் கலக்கி, டம்ளரைத் தொட்டுப் பாருங்கள். எது அதிகச் சூடு? பொரித்த அப்பளம் ஒன்றை மூடிய டப்பாவிலும் இன்னொன்றைத் தட்டிலும் இரவு முழுக்க வையுங்கள். காலையில் எது ‘படக்’ என்று உடைகிறது?

இனி ஒரு கேள்வி. காரமான பருப்புப் பொடிச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்தால் காரம் குறைவாகத் தெரிகிறதே, ஏன்? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்!