மயக்கத்தின் ஆழத்தை மூளையிடமே கேட்க வேண்டும்

அறுவை சிகிச்சைக்கு முன் தரும் மருந்துகளில் ஒன்று நினைவை நிறுத்துகிறது, இன்னொன்று வலியை அடக்குகிறது. மூன்றாவதான தசைத் தளர்த்தி உடலை அசையாமல் வைத்திருக்கிறது. சிக்கல் இந்த மூன்றாவதில்தான். மயக்கம் கலைந்துவிட்டால்கூட நோயாளியால் விரலை அசைக்கவோ குரல் கொடுக்கவோ முடியாது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. பொது மயக்கத்தில் ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர், நடுவில் நினைவு திரும்பியதாகப் பின்னர் தெரிவித்திருந்தார். தசைத் தளர்த்தி தரப்பட்டவர்களில் அது 8,000-க்கு ஒருவர்; தரப்படாதவர்களில் 1,36,000-க்கு ஒருவர்.

மயங்குவது மூளை என்பதால் அதையே கண்காணிப்பதுதான் முறை. நெற்றியில் ஒட்டும் மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கின்றன. புரோபோஃபால் போன்ற மருந்து ஏற ஏற, வேகமான சிற்றலைகள் குறைந்து மெதுவான பேரலைகள் எழுகின்றன. இந்த மாற்றத்தை ‘பிஸ்’ கருவி 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சுருக்குகிறது; அறுவையின்போது 40-க்கும் 60-க்கும் இடையே இருக்க வேண்டும்.

இது பலன் தருமா? நடுவில் நினைவு திரும்பும் ஆபத்து மிகுந்த 2,463 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கருவி பொருத்தியவர்களில் 2 பேருக்கும், பொருத்தாதவர்களில் 11 பேருக்கும் நினைவு திரும்பியிருந்தது. ஆனால் சுமார் 6,000 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மூச்சுக்காற்றிலுள்ள மயக்க வாயுவின் அளவைக் கவனித்த முறையைவிடக் கருவி மேலானதாக இல்லை. அப்படியானால் கருவி வீண் செலவா? இல்லை. அந்த ஒப்பீடு வாயுவால் மயக்கும்போது மட்டுமே பொருந்தும். மருந்தை இரத்த நாளம் வழியே மட்டும் செலுத்தும்போது மூச்சில் அளக்க எதுவுமில்லை. அங்கே மூளையலைதான் நேரடியான சான்று.

எண்ணே பொய் சொல்லலாம் என்பது இன்னொரு ஆட்சேபம். அது நியாயமானது. கெட்டமின் என்ற மயக்க மருந்தைத் தந்தால் மயக்கம் குறையாமலே எண் ஏறும். முழு விழிப்பிலிருந்த தன்னார்வலர்களுக்குத் தசைத் தளர்த்தியை மட்டும் செலுத்திய 2015 ஆய்வில் எண் 60-க்குக் கீழே இறங்கியது. ஆகவே எண்ணோடு அலையின் வடிவத்தையும் படிக்கத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர் அருகில் இருந்தாக வேண்டும். குறை இருப்பதால் கருவியை ஒதுக்குவது சரியாகாது.

இரத்த நாள வழி மயக்கமும் தசைத் தளர்த்தியும் சேரும் அறுவைகளில் மூளைக் கண்காணிப்பு வழக்கமாக வேண்டும். முன்பு எப்போதாவது அறுவையின் நடுவே உங்களுக்கு நினைவு திரும்பியிருந்தால், அடுத்த அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.